எட்டாவது மூட்டை உப்பு

அடிலெய்டில் இருபது வருஷமாக நீச்சல்குளம் பராமரிக்கிறேன். விளக்கைப் பார்த்து வைத்தியம் பண்ணும் ஆளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டெஸ்மண்ட், உப்பும் வினிகரும் தூவிய உருளைக்கிழங்கு சிப்ஸை மென்றபடி, எட்டாவது மூட்டை உப்பைத் தன் வீட்டு நீச்சல்குளத்தில் கொட்டிக்கொண்டிருந்தான்.

"உப்பு கம்மின்னு மெஷின்ல லைட் எரியுதே, க்ளென்!"

ஒரு சொட்டை நாக்கில் வைத்தேன். கடலே தோற்றது.

"யோவ், லைட் எரிஞ்சா உப்பைக் கொட்டிடுவியா? தகட்டைப் பார்த்தியா?"

உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் குழாயைக் கழற்றினேன். தகடெல்லாம் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு.

"இந்த ஊர்த் தண்ணியில சுண்ணாம்பு ஜாஸ்தி. அது தகட்டை மூடிடுச்சு. அப்புறம் மெஷினுக்கு எப்படிய்யா உப்பு தெரியும்?"

வண்டியில் ஆசிட் தீர்ந்திருந்தது. டெஸ்மண்டின் மனைவி நரெல் சமையலறையிலிருந்து வினிகர் கேனைத் தூக்கி வந்தாள். ஊற்றியதும் தகடுகள் சோடா மாதிரி பொங்கின.

"பாதிக் குளத்தைக் காலி பண்ணி நல்ல தண்ணி விடணும்," என்றேன். டெஸ்மண்டின் முகம் தொங்கிவிட்டது.

நரெல் அவன் தொந்தியை மேலும் கீழும் பார்த்தாள்.

"காலி பண்ணாத, க்ளென். உப்பு போட்டாச்சு, வினிகர் கையில இருக்கு. இந்த உருளைக்கிழங்கை உள்ள தள்ளு!"