பாஸ்வேர்டு தராத வெண்மதி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் கோபத்தில் பிறந்தது. நெய்வேலிக்குப் பக்கத்தில் மந்தாரக்குப்பத்தில் நில வரைபடம் போட்டுத் தரும் ஒரு கடை. என் மனை வரைபடத்தை நானே திருத்திக்கொள்கிறேன், மென்பொருளின் பாஸ்வேர்டை ஒரு நாளைக்குத் தாருங்கள் என்று கேட்டேன். "கம்ப்யூட்டர வேணா தூக்கிக்கினு போங்க சார், பாஸ்வேர்டு கெடையாது" என்றார் கடைக்காரப் பெண். வீட்டுக்கு வந்து அவருக்கு வெண்மதி என்று பெயர் வைத்தேன். கதையிலாவது தரவைத்துவிட வேண்டும்!

2

முதல் தொடக்கம்: 'நெய்வேலியின் வானம் அன்று...' வேண்டாம். வானத்தை யார் கேட்டார்கள்?

இரண்டாவது: வெண்மதி வாங்கியது ஒருவருக்கான லைசென்ஸ். கடையிலும் வீட்டிலும் எந்தக் கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொள்ளலாம். உட்காருபவர் அவராக இருக்க வேண்டும். (நிபந்தனைகள் நாற்பது பக்கம். அவர் முழுக்கப் படித்திருக்கிறார். நான் படிக்கவில்லை.)

அவரை மடக்க வலது மணிக்கட்டை உடைத்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்தார், மாவுக்கட்டு. (எழுத்தாளனுக்கு இது ஒரு வரி வேலை. மன்னிக்கவும்.) அதுவும் போதாதென்று கம்மாபுரத்திலிருந்து புஷ்பவல்லியை அனுப்பினேன். புதுச் சாலைக்கு அவர் நிலம் போகிறது. அளந்தவர்கள் கிணற்றை விட்டுவிட்டார்கள். இன்று ஐந்து மணிக்குள் நில எடுப்பு அலுவலகத்தில் சரியான கம்ப்யூட்டர் வரைபடத்தோடு ஆட்சேபம் தராவிட்டால், கிணறே இல்லாத நிலமென்று பதிவாகிவிடும்.

3

"எங்க வூட்டுக்காரரு தோண்டின கெணறு பாப்பா. இல்லவே இல்லன்னு சொல்லிகினு இருக்காங்க" என்றார் புஷ்பவல்லி.

பக்கத்து ஜெராக்ஸ் கடைச் சிலம்பரசனுக்கு வரையத் தெரியும். லைசென்ஸ்தான் இல்லை.

"பாஸ்வேர்டு குடுக்கா, அரை மணில முடிச்சிடறேன். மைன்ஸ்ல ஏ ஷிப்ட்டு எறங்கினா பி ஷிப்ட்டு ஆளு அதே சீட்டுல குந்தறதில்லயா? எப்பவும் ஒருத்தர்தான குந்தறோம்?"

(சுரங்க ஊரான நெய்வேலியில் மட்டுமே பிறக்கக்கூடிய வாதம். எழுதிவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.)

"சீட்டுக்கு வாங்கல தம்பி, ஆளுக்கு வாங்கினது. ஒத்துக்கினது நானு."

"உன் கைதான் ஒடஞ்சி கெடக்கே!"

"எடது கை இருக்குல்ல?"

வெண்மதி தயங்கியபடி, பாஸ்வேர்டை ஒரு துண்டுத் தாளில் எழுதி...

இந்த வாக்கியத்தை மூன்று முறை முயன்றேன். எழுதமாட்டேன் என்கிறார். மௌஸை இடப்பக்கம் மாற்றிவைத்து உட்கார்ந்துவிட்டார். கோடு கோணலாகப் போகிறது, அழிக்கிறார், மறுபடி இழுக்கிறார்.

"மேக்கால வரப்புலேர்ந்து கெணறு எத்தினி அடி பெரிம்மா?"

"பதினெட்டு."

அடேயப்பா, என்ன பெண் இவர்! நான் உடைத்த கையை வைத்துக்கொண்டு என்னையே தோற்கடிக்கிறார். பொறாமையாக இருக்கிறது. அதைவிடப் பெருமையாக இருக்கிறது.

4

மணி நாலே முக்கால். கிணறு வந்துவிட்டது, கிழக்கு எல்லை பாக்கி.

முடிவு அ: ஐந்தடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் வரைபடத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். முடிவு ஆ: அலுவலகக் கதவு சாத்தியிருக்கிறது. 'அ'வைத்தான் எழுத ஆசை. அதற்குமுன் இதுவரை எழுதியதைச் சேமிக்கப் போனேன். ஆசிரியர் என்ற இடத்தில் திரை ஒரு பெயரைக் காட்டியது: அசோக்குமார்.

அவர் என் மச்சான். இந்த எழுத்து மென்பொருளில் நான்கு வருஷமாக அவருடைய பாஸ்வேர்டைப் போட்டு, அவருடைய லைசென்ஸில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வெட்கமாகிவிட்டது. இங்கே உட்கார்ந்துகொண்டு வெண்மதியை ஜெயிக்கவைக்க எனக்கு யோக்கியதை இல்லை, தோற்கடிக்கவோ மனசில்லை. வெளியேறுகிறேன். புஷ்பவல்லி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், கிழக்கு எல்லை இன்னும் பாதியில் நிற்கிறது. மீதியை நீங்கள் சீக்கிரம் எழுதுங்கள், உங்கள் சொந்தப் பெயரில்.