ஈஸ்வரன் ஊதிய விதை

விடிந்ததும் ராமலட்சுமி வீட்டுக்குப் பின்னால் போய் அந்தச் செடியைப் பிடித்து மெல்ல உலுக்குவாள். இரவெல்லாம் இறங்கிய பனி பொலபொலவென்று அவள் காலில் கொட்டும். பூவுக்குள் ஈரம் தங்கக் கூடாது, தங்கினால் பூசணம். சின்னக்கானல் எஸ்டேட்டின் நாற்றுப் பண்ணையில் தேயிலைக் கன்றுகளோடு பல வருஷம் கிடந்தவள் அவள். கஞ்சாச் செடிக்கும் அதே நியாயம்தான் என்பதை இந்த மழைக்காலத்தில் கண்டுகொண்டாள்.

அவள் அதை நடவில்லை. புருஷன் ஈஸ்வரன் சாயங்காலங்களில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, உள்ளங்கையில் கசக்கி, விதைகளை ஊதித் தள்ளிவிட்டு மிச்சத்தைப் பீடியில் அடைப்பான். அதற்காக அவள் போட்ட சண்டைகள் லயத்தின் வரிசை வீடுகள் முழுக்கத் தெரியும். போன மாசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் எழவில்லை. மழை பிடித்த பிறகு, சவ்சவ் கொடிக்குள் மறைந்து இடுப்பு உயரம் வந்திருந்த செடியைப் பார்த்தாள். பிடுங்கத்தான் குனிந்தாள். கையில் ஒட்டிய வாசனையை முகர்ந்தவள் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவன் சட்டைகளிலிருந்து அந்த வாசனை எப்போதோ போய்விட்டிருந்தது.

ஐப்பசியில் பூத்தது. மூடுபனி விலகவே விலகாத ஒரு வாரத்தில், ஒரு பூவின் நடுவிலிருந்த இலை மட்டும் பழுத்து வாடியிருந்தது. விரித்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் மெல்லிய பஞ்சு. பிளேடைச் சுடுதண்ணீரில் கழுவிக்கொண்டு, கெட்ட இடத்துக்குக் கீழே நல்ல தண்டையும் சேர்த்து அறுத்தாள். அறுத்ததை உதறாமல் பொத்தி எடுத்துப் பையில் கட்டினாள். அடி இலைகளைக் கழித்தாள். மழை படாமல் மேலே பிளாஸ்டிக் தாளைக் கட்டிப் பக்கங்களைத் திறந்து விட்டாள். காற்றுப் போகச் சவ்சவ் கொடியை ஒதுக்கியதும் செடி பளிச்சென்று வெளியே தெரிந்தது. காற்றும் வேண்டும், மறைவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைப்பதாக இல்லை.

முதலில் கண்டது வீரபாண்டி, ஈஸ்வரனோடு அதே கல்லில் உட்கார்ந்து அந்தப் பீடியைக் குடித்தவன்.

“மதினி, இப்பவே அறுத்துருங்க. இந்த ஈரத்துல நிக்காது. நான் காய வச்சுத் தாரேன்.”

“நான் என்ன குடிக்கவா வச்சிருக்கேன்?”

“பின்ன எதுக்கு?”

அவள் பிளாஸ்டிக் தாளின் முடிச்சை இறுக்கினாள். அவன் போன பிறகு மூடுபனி இறங்கி, லயமும் எதிர்ச்சரிவுத் தேயிலையும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. செடியும் அவளும் மட்டும் மிஞ்சினார்கள். முதுகுக்குப் பின்னால் கல்லில் யாரோ காலை மாற்றிப் போட்டு உட்காருவது போலிருந்தது. அவள் திரும்பவில்லை. “இப்பயும் ஒன் வேலைதான் பாத்துக்கிட்டிருக்கேன்” என்றாள். சொன்னதில் கோபம் இருந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

ரிசார்ட்டில் வேலை பார்க்கும் மகள் முருகேஸ்வரி லீவுக்கு வந்தவள், துணி காயப்போடப் பின்பக்கம் போய் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

“அம்மா, எக்சைஸ்காரங்க பாத்தா கேஸும்மா. எஸ்டேட்ல வீட்ட விட்டே எறக்கிருவாங்க. நாளைக்குக் கரண்டு மீட்டர் மாத்த வாராங்க, பின்னாடியெல்லாம் வருவாங்க.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“மோந்து பாரு.”

முருகேஸ்வரி முறைத்தாள். பிறகு குனிந்தாள். நிமிர நேரமாயிற்று. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, பனியில் ஆள் தெரிவதற்கு முன்பே இந்த வாசனையை வைத்து அப்பா பஸ் ஸ்டாப்பில் நிற்பது அவளுக்குத் தெரிந்துவிடும். மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ஈரச்சாக்கு நாத்தமும் அடிக்குதும்மா” என்றாள்.

ராமலட்சுமி உச்சிப் பூவை விரல்களால் பிளந்தாள். உள்ளே முழுக்கச் சாம்பல். அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததைப் பிளக்கவில்லை. தூரைப் பிடித்து இழுத்தாள். நனைந்த மண், வேர் சிரமமில்லாமல் வந்தது.

வெளியே போட்டால் பூசணம் பக்கத்துப் பீன்ஸ் பாத்திக்குப் பரவும், ஆள் கண்ணிலும் படும். கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு இருவரும் அடுப்படியில் உட்கார்ந்தார்கள். நல்லது, கெட்டது பிரிக்கவில்லை. ஒடித்து ஒடித்து விறகோடு சேர்த்தாள். பச்சைக் கிளைகள் சீறி, நுரை தள்ளி, எரிய மனமில்லாமல் புகைந்தன. வீடு நிறைந்தது. இருவருக்கும் கண்ணில் நீர் வழிந்தது, எதனால் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

“வீரபாண்டிச் சித்தப்பா வந்து கதவத் தட்டப்போறாரு” என்றாள் முருகேஸ்வரி. ராமலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. இருமலும் சிரிப்புமாய், மகள் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தாள், நினைப்பு பாதியில் நழுவிப் போயிற்று.

மூச்சு முட்டியபோது முருகேஸ்வரி எழுந்து பின்கதவைக் கொஞ்சம்போலத் திறந்தாள். வெளியே நின்றிருந்த மூடுபனி உள்ளே வந்தது, உள்ளே இருந்த புகை வெளியே போயிற்று. நிலைப்படியில் இரண்டும் கலந்து, பஸ் ஸ்டாப்புப் பனியின் அதே வாசனை எழுந்தது. விசிறித் தள்ளக் கையை உயர்த்தியவள், உயர்த்திய கையோடு அப்படியே நின்றாள்.