கழிவுநீர் அம்பு

1
இந்தக் கதை எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடையில் கிடைத்தது. சிதம்பரத்தில் நான் டைப் அடிக்கிற கடை. பதினொன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு ரசாயன ஆலையைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்காதீர்கள். வருடா வருடம் இன்ஜினியரிங் பையன்களுக்கு ஆலை கட்டித் தருகிறேன், ஸ்பைரல் பைண்டிங்கோடு. வீணான பிரின்டுகளின் பின்பக்கத்தில் கதை எழுதுகிறேன். அது கடையில் யாருக்கும் தெரியாது.

2
முதல் தொடக்கம்: "பண்ருட்டி முந்திரியின் மணம் காற்றில் மிதக்க, கடலூரில் ஓர் ஆலை எழுந்தது..."

எழவில்லை. கோடு போட்டு அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "அருண்பாண்டியன் கெட்டவன்."

அதுவும் இல்லை. கெமிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடம். சிஸ்டர் என்று கூப்பிட்டு டீ வாங்கித் தருகிறவன். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வேலை மிச்சம்.

3
அவனுடைய புராஜெக்ட், முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து பெயிண்டுக்குப் பிசின் செய்யும் ஆலை. அதன் முதற்கட்ட வடிவமைப்பு, அது கட்டுப்படியாகுமா என்ற கணக்கு. எல்லாம் சீனியர் ஒருவன் தூத்துக்குடியை வைத்துச் செய்தது. தூத்துக்குடி என்று வருகிற இடமெல்லாம் கடலூர் என்று மாற்றச் சொன்னான். மாற்றினேன்.

(அடிக்குறிப்பு: சீனியர் நன்றி சொல்லியிருந்த தூத்துக்குடி மாமாவும் கடலூர் மாமா ஆகிவிட்டார். அருண்பாண்டியனுக்குக் கடலூரில் மாமாவே கிடையாது. அவன் படித்துப் பார்த்தால்தானே.)

கைடாக இருக்கிற பேராசிரியர் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டார். போட்ட முதல் திரும்பி வர ஒன்பது வருடம் என்று இருந்தது. ஐந்துக்குள் வராவிட்டால் கையெழுத்து கிடையாது. கையெழுத்து இல்லாவிட்டால் நாளைக்கு வைவா கிடையாது, டிகிரியும் கிடையாது.

"அந்தக் கழிவுநீர் ட்ரீட்மென்ட் பிளான்ட்ட தூக்கிடுங்க சிஸ்டர். அதுதான் செலவு ஜாஸ்தி. நாலு வருசத்துல வந்துடும்."

வரைபடத்தைத் திரையில் திறந்தேன்.

"யாரு கட்டப் போறாங்க இத? பேப்பர்தானே."

4
இந்த இடத்தில் கதாநாயகி ஏதாவது சொல்லியாக வேண்டும். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். இவளை வைத்துக்கொண்டு என்ன கதை எழுதுவது?

அவளுடைய வீடு, சரி, என் வீடு, கடலூரில் ஓர் ஆலைக்குப் பின்னால் இருக்கிறது. போர் தண்ணீரில் வெள்ளைத் துணியை அலசினால் மஞ்சளாகிவிடும். சமைக்க அம்மா கேன் தண்ணீர் தூக்குகிறாள். அந்த ஆலையும் முதலில் பேப்பராகத்தான் இருந்திருக்கும். அதையும் ஒருத்தி டைப்... (விடுங்கள். இது பெரிய மனிதர்கள் எழுதுகிற வாக்கியம்.)

5
வரைபடத்தில் ட்ரீட்மென்ட் பிளான்ட் என்று போட்டிருந்த கட்டத்தை அழித்தேன். ஆலையிலிருந்து அதற்குள் போய்க்கொண்டிருந்த குழாயின் அம்பு மட்டும் அந்தரத்தில் நின்றது.

"இது எங்க போவுது?" என்றேன். என் குரலைக் கேட்டு அவனே திரும்பிப் பார்த்தான். பிறகு திரையில் அம்பின் மேல் விரலை வைத்தான்.

"அப்படியே கீழ இழுத்து வுட்டுடுங்க. பேப்பருக்கு வெளிய."

6
முடிவு ஒன்று: கட்டத்தைத் திரும்பப் போடுகிறேன். அருண்பாண்டியன் வைவாவுக்குப் போகவில்லை.

முடிவு இரண்டு: அம்பை இழுத்து விடுகிறேன். அவன் பாஸ். எனக்கு டீ.

இரண்டையும் எழுதிக் கிழித்தாயிற்று. அவன் வெளியே பெஞ்சில் காத்திருக்கிறான். அவன் சொன்னபடி அம்பை இழுத்து, வரைபடத்தை ஒரு தாள் மட்டும் பிரின்ட் எடுத்துப் பார்த்தேன். அதன் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

திருப்பிப் பாருங்கள். தாளின் அடிவிளிம்புக்கு வந்து, பிடித்திருக்கிறவர் வயிற்றுக்கு நேராக நிற்கிறது அம்பு. இப்போது பிடித்திருப்பது நீங்கள். எங்கே விடச் சொல்கிறீர்கள்?