ஒட்டிப் போட்ட தளம்

சீ, இப்ப நெனச்சாலும் குமட்டுது. பாப்பிரெட்டிப்பட்டியில சென்னப்பன் கட்டுன புளி குடோன்தான் நான் தனியா, என் பேர்ல எடுத்த மொத வேலை. தரைக்குப் போடற கான்கிரீட் தளம் வெடிக்காம வந்தா நாலு பேரு கூப்புடுவாங்க. வெடிச்சா, பொம்பள இஞ்சினியர்னா இப்படித்தான்னு முடிச்சுக் கட்டிடுவாங்க. ஊரு அப்படி.

தளம் போடறப்ப அதைத் தூணோட ஒட்ட விடக் கூடாது. தூண் தன் பாட்டுக்கு அசையாம நிக்கும், தளம் காயக் காயச் சுருங்கும். ரெண்டும் கட்டிப்புடிச்சு நின்னா தூண் மூலையிலதான் மொதல்ல பிளக்கும். அதுக்குத்தான் ஒவ்வொரு தூணையும் சுத்திச் சாய்சதுரமா பலகை அடிச்சு வெச்சேன். கான்கிரீட் பலகைக்கு வெளியவே நிக்கணும். அப்புறம் பலகைய எடுத்துட்டு, ஓரத்துல தெர்மாகோல் வெச்சு, உள்பக்கம் தனியா ஊத்தணும்.

அந்தத் தெர்மாகோல் வாங்க சேலம் போனவ, திரும்பறப்ப தொப்பூர்ல மாட்டிக்கிட்டேன். எவனோ லாரியக் கவுத்துட்டான். மேஸ்திரி முருகேஷுக்கு போன் போட்டேன்.

"கான்கிரீட் வந்துடுச்சுங்க மேடம். ஊத்தலாங்களா?"

"ஊத்துங்க. தூணுகிட்ட ஜாயின்ட் மறந்துடாதீங்க."

"அதெல்லாம் மறப்பனாங்க!"

மறக்கல, மகராசன். நான் போய்ச் சேந்தப்ப பலகையெல்லாம் பிடுங்கி வெளிய கெடக்கு. தூணோட அடி வரைக்கும் கான்கிரீட்டைத் தள்ளி, கரண்டியால அழுத்தித் தேச்சிருக்காரு. "நல்லா டைட்டா ஜாயின்ட் பண்ணிட்டங்க, எறும்பு கூட நுழையாது"ன்னு பல்லைக் காட்டறாரு. ஜாயின்ட்னா அவருக்குச் சேக்கறது, எனக்குப் பிரிக்கறது. தலையில அடிச்சுக்கிட்டேன். அதுக்குள்ள கான்கிரீட் இறுகிடுச்சு.

மறுநாள் காலையில மொத வேலையா சென்னப்பன்கிட்ட கெஞ்சினேன். "இப்பவே மெஷின் வெச்சுத் தூணைச் சுத்தி அறுத்துடலாங்க. விட்டா வெடிச்சுடும்."

அந்த மனுசன் வெத்தல எச்சிலைப் புதுத் தளத்து மேலயே துப்பினாரு. "தூணைச் சுத்தி அறுத்தா கட்டடம் அந்தரத்துலயா நிக்கும்? பூஜை போடற எடத்துல காயம் பண்ணாத, புள்ள"ன்னு சொல்லிக்கிட்டே அதைச் செருப்பால தேச்சு விட்டாரு. கருமம்! கைகட்டிப் பாத்துக்கிட்டு நின்னேன்.

கொஞ்ச நாள்ல ஒவ்வொரு தூண் மூலையிலிருந்தும் கோணலா வெடிப்பு ஓடுச்சு. அந்த எடத்தை மட்டுமாவது வெட்டி எடுத்துட்டுப் புதுசா போட்டுத் தரேன்னேன். கேட்டாத்தானே? மச்சான் ராஜப்பனைக் கூட்டியாந்து, சிமெண்டுப் பால் கரைச்சு வெடிப்புல பூசி, மேல பச்சைப் பெயிண்டு அடிக்க விட்டாரு. அது காஞ்சு, சொறி புடிச்ச தோலு மாதிரி செதில் செதிலா எழும்புச்சு. பாக்கவே அருவருப்பு. "இதுக்கு என் பேரைச் சொல்லாதீங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில நிக்கறேன். பக்கத்துல ரெண்டு பேரு வூடு கட்டறதப் பத்திப் பேசிக்கிட்டிருந்தாங்க. என்னை யாருன்னு அவங்களுக்குத் தெரியாது.

"சுகுணான்னு ஒரு இஞ்சினியரம்மா இருக்குதாமே, கேட்டுப் பாக்கலாமா?"

"அய்யய்யோ! சென்னப்பன் குடோனைப் போய்ப் பாரு. தூணுக்குத் தூணு கிழிஞ்சு கெடக்குது. அந்தம்மா போட்ட தளந்தான், அவரே சொன்னாரு. ராஜப்பன் பூசிக் காப்பாத்தலேன்னா மொத்தமும் போயிருக்குமாம்."

நான்தாங்க அந்த சுகுணான்னு சொல்ல வாயெடுத்தேன். என் பேரைச் சொல்ல எனக்கே அசிங்கமா இருந்துச்சு.