இசிகேலியின் புருவம்

என் மச்சான் இசிகேலி பிரிஸ்பேனில் பஸ் ஓட்டுகிறான். ஒரு வருடமாக அவனுக்கு இடுப்பிலிருந்து வலது கால்வரை வலி. உட்கார்ந்தால் தேவலை, படுத்தால் உயிர் போகும். சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கினான். நாங்கள் பஸ் சீட்டைத்தான் திட்டினோம். பிரேக்கை மிதித்ததே பாதத்துக்குத் தெரியவில்லை என்று அவன் சொன்ன அன்றுதான் பயந்தோம்.

ஸ்கேனில், முதுகெலும்புக்குள் நரம்பின் உறையில் திராட்சை அளவுக்கு ஒரு கட்டி.

"புற்றுநோய் மாதிரி தெரியல," என்றார் டாக்டர் ஹார்ட்னெல் அம்மா. "நரம்ப விட்டுட்டு கட்டிய மட்டும் உரிச்செடுக்கப் பாக்குறேன். ஆனா பாதத்துக்குப் போற இழை அதோட ஒட்டியிருந்தா, உணர்ச்சி திரும்பாமலும் போகலாம்."

"அப்ப பஸ்?" என்றான் இசிகேலி.

"முடிஞ்சப்புறம் பாக்கலாம்."

வெளியே வந்ததும், "கவலப்படாதடா மச்சான், முதுகத்தானே திறக்கறாங்க. மண்டையத் திறந்தாத்தான் மானம் போகும், உள்ள ஒண்ணும் இருக்காது," என்றேன்.

"உன் மூஞ்சிக்கு ஆபரேஷன் உண்டான்னு கேட்டு வைக்கறேன்," என்றான்.

ஆபரேஷனில் கட்டி முழுதாக வந்துவிட்டது. மயக்கம் தெளிந்ததும் டாக்டர் அவன் வலது பாதத்தைப் பஞ்சால் தடவி, "தெரியுதா?" என்றார். குழாய் வைத்திருந்ததில் அவனுக்குத் தொண்டை புண். புருவத்தை மட்டும் தூக்கினான். மறுபடி தடவினார். மறுபடி புருவம். டாக்டரின் முகம் வாடியது.

"பதிலே இல்ல. ஸ்கேனுக்குச் சொல்லுங்க," என்றார் நர்ஸிடம்.

எங்கள் ஃபிஜியில் புருவம் தூக்கினால் 'ஆமாம்'. சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். வலியில் தூக்கியிருந்தால்? நான் தப்பாகச் சொல்லி, அதனால் அவன் கால் போய்விட்டால்? முதலில் சோதிக்க வேண்டும். 'இல்லை' என்று மட்டுமே பதில் வரக்கூடிய கேள்வி ஒன்று வேண்டும்.

"மச்சான், உன்னவிட நான் அழகுதானே?"

புருவம் அசையவே இல்லை. கரகரத்த குரல்தான் வந்தது. "போடா, பன்னி மூஞ்சி."

"சரி, கால்ல பஞ்சு தெரியுதா?"

புருவம் நெற்றியில் பாதிவரை ஏறியது.

"டாக்டர், அது எங்க ஊர் ஆமாம்!"

டாக்டர் அவனைக் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரலாகத் தொட்டார். "கட்டைவிரல்... சுண்டுவிரல்... ஐயோ, கூசுது, விடுங்க!" என்று நெளிந்தான் இசிகேலி.

"இத முதல்லயே வாயத் திறந்து சொல்லக் கூடாதாப்பா?" டாக்டர் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார்.

கட்டியின் பரிசோதனை முடிவும் நல்லதாகவே வந்தது. அன்று இசிகேலி மெல்லக் கேட்டான். "புண் ஆறினதும் பஸ் ஓட்டலாமா டாக்டர்?"

டாக்டர் வாயைத் திறக்கவில்லை. இரண்டு புருவங்களையும் தூக்கினார்.

இசிகேலி நர்ஸ் பக்கம் திரும்பினான். "பதிலே இல்ல. இவங்கள ஸ்கேனுக்கு அனுப்புங்க."