தகவலாளர் நான்கு

1.
இந்தக் கதை என் வீட்டில் பிறந்தது. அதை ஒப்புக்கொண்டாயிற்று, இனி ‘நான்’ வராது. எங்கள் குடும்பத்துக்குக் கருமத்தம்பட்டியில் ஒரு மரியாதை இருக்கிறது. ஆகவே கதையில் வருகிறவர் விசைத்தறிக்கூடக்காரர் மரியஅந்தோணி. மகள் ஃபெமினா, கோவையில் சமூகவியல் ஆய்வு மாணவி.

2.
தொடக்கத்துக்கு மூன்று வரைவுகள். ஆய்வுச் சுருக்கத்தில் வேதியியல்காரர்கள் முடிவை முதலிலேயே உடைத்துவிடுவார்களாம்: ‘உயிரோடிருக்கும் பெண்ணின் பெயர் இருபத்திரண்டு முறை இறந்தோர் பட்டியலில் வாசிக்கப்பட்டது.’ தமிழ்த்துறையில் கேள்வி கேட்பார்களாம்: ‘பிறந்த வீட்டில் ஒரு பெண் எப்போது இறக்கிறாள்?’ வரலாற்றுத்துறையில் நடந்த வரிசை: ‘ஜெயக்கொடி, ஈரோட்டு மஞ்சள் வியாபாரி நிஜாமை மணந்ததும், அவளுடைய வீட்டார்...’

(கைவிடப்பட்டது.)

3.
ஜெயக்கொடி மரியஅந்தோணியின் தங்கை. கல்லறைத் திருநாள் பூசைக்கு முன் வாசிக்கும் பட்டியலில் ஆண்டுதோறும் அவள் பெயரை எழுதிக் கொடுப்பவர் அவரே. பங்குச் சாமியாருக்கு விவரம் தெரியாது. அத்தையே ஃபெமினாவிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள்: “வருசா வருசம் சாவறனாமா, கண்ணு.”

மகள் நீட்டிய சுருக்கத்தை, பூசையில் நற்செய்திக்கு நிற்பதுபோல் எழுந்து நின்று படித்தார். மணத்துக்காக வீட்டார் இறந்ததாக எழுதிவிட்ட பதினான்கு பெண்களின் ஆயுள் ஒரே பக்கத்தில்.

“நம்மூட்டுப் பேரு எங்கியும் இல்லியே, அம்மணி?”

“இல்லீங்ப்பா. அத்தை வெறும் தகவலாளர் நாலு. வேண்டாம்னா அத்தை பத்தின வரியவே எடுத்துப்போடறனுங்க. ஆனா என் ஆய்வே அந்த வரிதானுங்க.”

“சேத்தது யாருன்னும் இல்லியே?”

உடன் வந்த வேதியியல் தோழி லின்சி சொன்னாள்: “எங்க பக்கம் எல்லாமே அப்படித்தானுங்க மாமா. ‘சூடாக்கப்பட்டது’ன்னு போட்டுருவோம். அடுப்பப் பத்தவெச்சது யாருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.”

அவர் சிரிக்கவில்லை. தம் இருபத்திரண்டு ஆண்டுப் பிடிவாதம், ‘சேர்க்கப்பட்டது’ என்ற, செய்தவரே இல்லாத ஒரு வினைச்சொல்லுக்குள் பத்திரமாக இருந்தது. குடும்ப மானம் தப்பிவிட்டது. அதன் பிறகும் தாளைக் கீழே வைக்க முடியவில்லை.

“இன்னும் ஒரு வார்த்தை சேத்தலாமா?”

“ஒண்ணே ஒண்ணுக்கு எடமிருக்குதுங்ப்பா. இருநூத்தம்பது வார்த்தைதான் அளவு.”

4.
முடிவு அ: தாளைத் திருப்பிக் கொடுக்கிறார். ‘தவறில்லை’ என்கிறார்.
முடிவு ஆ: ‘அண்ணனால்’ என்று எழுதுகிறார். எழுதினால் ஊர்...

இரண்டையும் அடித்தாயிற்று. வரி இப்படி நிற்கிறது:

‘தகவலாளர் நான்கின் பெயர் ________ இறந்தோர் பட்டியலில் சேர்க்கப்பட்டது.’

பேனாவை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் அந்த இடத்தில் யார் இருக்கிறார் என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள்.