அளவெடுத்துத் தைத்த கையுறை

அந்தப் பள்ளிக்கூடத்தில் மரவேலை சொல்லிக்கொடுத்த டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் 'கையெங்கே'. சும்மா வைக்கவில்லை. எந்தப் பிள்ளை எந்த மெஷின் பக்கம் போய் நின்றாலும் சரி, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்கிற மாதிரி, "கை எங்க? உன் கை எங்க?" என்று தொண்டை கிழியக் கத்துவாள். ஒருநாள் எதுவோ ஒரு குட்டிப் பிசாசு கரும்பலகையில் இரண்டு கைகளை வரைந்து, 'இங்கேதான் இருக்கு டீச்சர், பயப்படாதீங்க' என்று எழுதிவைத்திருந்தது. டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. யார் வேலை என்று விசாரிக்க வேண்டியதே இல்லை. வகுப்பில் அவ்வளவு வாய் ஒருத்திக்குத்தான். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு டீச்சரே வைத்த பெயர் சில்வண்டு.

வாசலில் டீச்சர் நின்றால் ஒரு ஈ உள்ளே போக முடியாது. சடையைத் தூக்கிக் கட்டு. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடக்கு. மோதிரத்தைக் கழற்று, இது கல்யாண வீடு இல்லை. கண்ணாடியை நெற்றியிலா மாட்டுவார்கள், கண்ணில் மாட்டு. செருப்போடு வந்தவன் வந்த வழியே திரும்பு. இத்தனையும் சொல்லி முடித்த பிறகு கடைசியாக ஒன்று சொல்வாள், அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். சுற்றுகிற மெஷின்கிட்டே கையுறையோடு போகாதே. ரேக்கிலிருந்து பலகை தூக்கும்போது போட்டுக்கொள், சிராய் ஏறாது. பலகையைக் கீழே வைத்த கையோடு கழற்றிவிடு. வெறும் விரல் பட்டால் தோல் கிழியும், விரல் தானாகப் பின்னால் வந்துவிடும். துணி பட்டால் மெஷின் அதைப் பிடித்துச் சுற்றிக்கொள்ளும், உள்ளே இருக்கிற கையையும் சேர்த்து.

கேட்கிறவர்களுக்கு இது தலைகீழாகத்தான் தோன்றும். கையுறை கையைக் காப்பாற்றத்தானே இருக்கிறது? சில்வண்டின் அம்மாவிடம் கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அவளுக்குப் பாட்டில் தொழிற்சாலையில் வேலை. ஓடுகிற பட்டையில் வரிசையாக வரும் பாட்டில்களில் கீறல் விழுந்தது, வாய் உடைந்தது எல்லாவற்றையும் கண்ணாலேயே பிடித்துப் பொறுக்கி எறிய வேண்டும். ஒருமுறை ஒரு பாட்டில் அவள் கையிலேயே வெடித்தது. கையுறை கந்தலாகிவிட்டது, உள்ளே கை முழுசாக இருந்தது. அன்றிலிருந்து அவளுக்குக் கையுறைமேல் இருந்த நம்பிக்கை வேறு எதன்மேலும் கிடையாது. வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும்தான். இருக்கிற ஒரே பிள்ளையின் விரலில் மரச் சிராய் ஏறிச் சீழ் வைத்திருப்பதைப் பார்த்தால் அவளுக்கு எப்படி இருக்கும்?

"கையா இது? சொரசொரன்னு! அந்தக் கூடத்துல கையுறை தர மாட்டாங்களா?" என்று ஊசியால் சிராயைக் கிளறிக்கொண்டே திட்டினாள்.

"தருவாங்கம்மா. ஆளையே முழுங்குற சைஸ். போட்டா பலகையைத் தூக்கறேனா, கையுறையைத் தூக்கறேனான்னு தெரியாது."

அவ்வளவுதான். மகளின் கையைத் தாளில் வைத்துக் கோடு போட்டாள் அம்மா. விரலுக்கு விரல் அளவெடுத்தாள். கெட்டித் துணியில், தையல் உள்ளே உறுத்தாதபடி வெளிப்பக்கமாக வைத்து, ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தாள். அதைச் சில்வண்டு வகுப்பில் ஒவ்வொருவர் மூக்குக்கு நேராகவும் நீட்டிக் காட்டினாள். டீச்சரும் வாங்கிப் புரட்டிப் பார்த்து அசந்துபோனாள்.

"உங்கம்மா கையில வித்தைதான் இருக்கு. ஆனா பலகை தூக்க மட்டும். சரியா?"

"கை எங்கன்னு நீங்க கேக்கறதுக்குள்ள கழட்டிடுவேன் டீச்சர்."

அந்தப் பாழாய்ப்போன நாளில் வகுப்பே முக்காலி செய்துகொண்டிருந்தது. கூடத்தின் ஒரு கோடியில் ஒரு பையனின் இழைப்புளியில் சீவல் அடைத்துக்கொள்ள, டீச்சர் அதைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எப்போதும் சுவரைப் பார்த்து நிற்காதவள், அந்த ஒரு நிமிஷம் சுவரைப் பார்த்து நின்றாள். சில்வண்டு ரேக்கிலிருந்து பலகை கொண்டுவந்து மேசையில் போட்டாள். "உன் முறைதான், வா, வா" என்று துளைபோடும் மெஷினிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். போனாள். அப்புறம் மெஷினின் சத்தம் மாறியது. டீச்சர் திரும்பி ஓடிப்போய்ச் சிவப்பு பட்டனை அடித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. துணியைக் கத்தியால் அறுத்துத்தான் கையை வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. பதினான்கு வயசுப் பெண்ணுக்கு!

ஆஸ்பத்திரியில் அம்மா மாத்திரை வாங்கப் போயிருந்த நேரத்தில், சில்வண்டு டீச்சரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டாள். அந்த வாயாடியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"டீச்சர், கையுறை கையில இருந்ததே எனக்குத் தெரியல. சத்தியமா. கூடத்துக் கையுறைன்னா தொளதொளன்னு ஆடும், ஞாபகம் வந்துடும். இது ஒட்டிக்கிட்டு இருந்துச்சு டீச்சர். போட்ட மாதிரியே இல்ல. அம்மா அவ்வளவு கச்சிதமா தச்சிருக்காங்க."

சில்வண்டு வாசல் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட நான் அன்னைக்குப் போடவே இல்லன்னு சொல்லிட்டேன். பையிலயே வெச்சிட்டு மறந்துட்டேன்னு. நீங்க மாத்திச் சொல்லிடாதீங்க. அவங்க தச்சதுதான் இழுத்துச்சுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாங்க டீச்சர். செத்துடுவாங்க."

"சொல்ல மாட்டேன்டி கண்ணு."

அதற்குள் அம்மா திரும்பி வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாக ஆரம்பித்தாள். "படிச்சுப் படிச்சு சொன்னேனே! கண்ணு முழிச்சு உக்காந்து தச்சுக் குடுத்தேனே! பையில வெச்சுப் பூட்டவா தச்சேன்? போட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா? சொல்லுடி!" திட்டிக்கொண்டே மகளின் தலையைத் தடவிக் கொடுத்தாள். "தப்புதாம்மா" என்று சில்வண்டு சொன்னாள். அதற்குமேல் அங்கே நிற்க டீச்சருக்குத் தெம்பில்லை. வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து, போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதாள்.

தலைமையாசிரியர் கேட்டபோது, "மெஷின் கையைப் பிடிச்சிடுச்சு சார். நான் திரும்பி நின்னுட்டு இருந்தேன். தப்பு என்னுது" என்று மட்டும் சொன்னாள். பழி போட ஓர் ஆள் கிடைத்ததும் அவர் மேற்கொண்டு எதையும் கிண்டவில்லை. சில்வண்டு சொல்லியனுப்ப, வகுப்பும் வாயைத் திறக்கவில்லை. ரகசியம் என்றால் அடுத்த பீரியடுக்குள் ஊரெல்லாம் பரப்புகிற பிள்ளைகள், இந்த ஒன்றை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றின.

அப்படியே போயிருந்தால் போயிருக்கும். ஆனால் சில வாரம் கழித்து, வகுப்பு இல்லாத ஒரு மதிய வேளையில், சில்வண்டின் அம்மா ஒரு பெரிய துணிப்பையோடு மரவேலைக் கூடத்துக்குள் வந்து நின்றாள். பையை மேசைமேல் கவிழ்த்தாள். பூராவும் கையுறை. வகுப்பில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை ஜோடி.

"பெரிய சார்கிட்ட பேசிட்டேன் டீச்சர். திங்கக்கிழமையிலிருந்து மெஷின் தொடற எல்லாப் பிள்ளையும் இதைப் போட்டே ஆகணும்னு சொல்லிட்டாரு. எம்பொண்ணுக்குப் போனது போச்சு. மத்தவங்க பெத்ததாவது முழுசா வீடு திரும்பட்டும்."

டீச்சர் ஒன்றைக் கையில் எடுத்தாள். அதே தையல். அதே கச்சிதம்.

"இதுக்கும் அவகூட ஒரே சண்டை" என்று அம்மா சொல்லிக்கொண்டே போனாள். "தைக்கவே வேணாம்னா. கேக்கலன்னதும், தொளதொளன்னு தைம்மா, பெருசா தைம்மான்னு ஒரே அழுகை. எதுக்கு இதுக்குப்போய் இப்படி அழறான்னு எனக்குப் புரியல. தொளதொளன்னு தச்சா அது கையுறையா, சாக்குப்பையா? எனக்கு அப்படித் தைக்க வராது டீச்சர்."

வரப்போகிற திங்கட்கிழமையை நினைத்ததும் டீச்சருக்கு அந்த மேசையைச் சுற்றி அத்தனை கைகளும் தெரிந்தன. தலைமையாசிரியரிடம் போய் நிறுத்தச் சொன்னால் ஏன் என்று இந்த அம்மா கேட்பாள். இன்று சொல்லாவிட்டால் நாளைக்கு இன்னொரு அம்மா ஆஸ்பத்திரியில் நிற்பாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் வழியில்லை. சில்வண்டுக்குக் கொடுத்த வாக்கை நினைத்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.

"அம்மா, பலகை தூக்கும்போது இதைப் போடட்டும். மெஷின்கிட்ட மட்டும் போடக் கூடாதும்மா."

"ஏன் கூடாது?" அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எம்பொண்ணுக்கு ஆனது பத்தலையா உங்களுக்கு?"

"சுத்தற மெஷின் துணியைப் பிடிச்சா விடாதும்மா."

"எங்க தொழிற்சாலையில விடாம போடச் சொல்றாங்க. இங்க மட்டும் என்ன அதிசயம்? காட்டுங்க பாப்போம்."

டீச்சர் தயங்கினாள். அவளோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். வேறு வழியில்லாமல் டீச்சர் ஒரு குச்சியின் முனையில் கந்தல் துணியைச் சுற்றினாள், மெஷினைப் போட்டாள், குச்சியை நீட்டினாள். துணியின் ஓரம்தான் பட்டது. கண்மூடித் திறப்பதற்குள் குச்சியைக் கையிலிருந்து பிடுங்கி, இரண்டாக உடைத்து, துணியை இறுக்கிச் சுருட்டிக்கொண்டது மெஷின். டீச்சர் பட்டனை அடித்தாள். கூடம் அமைதியானது.

அம்மா அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவ அன்னைக்குக் கையுறை போடலதானே டீச்சர்?"

"போடலம்மா" என்றாள் டீச்சர்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். ஒரு மூச்சு தாமதமாகிவிட்டது. நாள் முழுக்க ஓடுகிற பாட்டிலில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிறவளுக்கு அந்த ஒரு மூச்சு போதாதா? அவள் டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். மேசைமேல் கிடந்த கையுறைகளைப் பார்த்தாள். பாதி முடிந்த ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அதான் தொளதொளன்னு தைக்கச் சொன்னாளா?"

டீச்சர் கீழே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா தைக்கணும்னு நினைச்சேன் டீச்சர். உறுத்தக் கூடாதுன்னு நினைச்சேன். அய்யோ, எங்கையாலயே..."

"உங்க தப்பு இல்லம்மா. பாத்துக்க வேண்டியவ நான். நான்தான் திரும்பி நின்னேன்."

அவள் காதில் அது ஏறியதாகத் தெரியவில்லை. "ஆஸ்பத்திரியில அந்தத் திட்டு திட்டினேனே. கட்டுப்போட்ட கையோட படுத்துக்கிட்டு, தப்புதாம்மா, தப்புதாம்மான்னு கேட்டுக்கிட்டாளே! ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலயே! எம்பொண்ணு அப்படி வாயை மூடிக்கிட்டு இருக்கறவளா டீச்சர்?" என்று சொல்லி, மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். டீச்சரும் அழுதாள். இரண்டு பேருக்கும் ஆறுதல் சொல்ல அங்கே மூன்றாவது ஆள் இல்லை.

நெடுநேரம் கழித்து அம்மா எழுந்தாள். மூலைக் குழாயில் முகத்தை அலம்பினாள். முந்தானையால் துடைத்துக்கொண்டு, கண்ணாடியில்லாத அந்தச் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்:

"அழுத மாதிரி தெரியுதா?"

"கொஞ்சம்."

"பஸ்ல போறதுக்குள்ள சரியாயிடும். எனக்குத் தெரிஞ்சது அவளுக்குத் தெரியவே கூடாது டீச்சர். நீங்க சொன்ன மாதிரியே இருக்கட்டும், அவ போடல. இவ்வளவு பாடுபட்டு மறைச்சிருக்கா. அதுவும் வீணாப்போக வேணாம்."

"நான் எதுவும் சொல்ல மாட்டேம்மா. நீங்களும் அதை நினைக்காம இருங்க."

"நினைக்காம எப்படி? இன்னைக்கும் வீட்டுக்குப் போனதும் திட்டணுமே. தினம் திட்டுவேன். சோறு ஊட்டும்போது, கட்டு மாத்தும்போது, கையுறை போடாம போனியேடின்னு ஒரு பாட்டு பாடாம விட மாட்டேன். இன்னைக்கு மட்டும் சும்மா இருந்தா அவளுக்குப் புரிஞ்சிடும். கள்ளி, உடனே கண்டுபிடிச்சிடுவா."

டீச்சர் அவளுடன் கேட்வரை நடந்தாள். வழியெல்லாம் அந்த அம்மா குனிந்த தலையோடு, தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். "போடாம போனியேடி... நான் தச்சதைப் போடாம போனியேடி..." குரலில் கோபம் ஏறவே மாட்டேன் என்றது. 'நான் தச்சதை' என்ற இடம் வந்ததும் ஒவ்வொரு தடவையும் உடைந்தது. கேட்டில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.